சத்தம் எட்டாத இடம்

மே 4, ஞாயிறு

"இந்தச் சிவப்பைத் தொட்டுட்டுப் பேசுங்கப்பா, அதுவே எழுதிக்கும். தேதியையும் அதுவே போட்டுக்கும்" என்று சொல்லிவிட்டு மகள் செண்பகம் அடுப்படிக்குப் போய்விட்டாள். தொட்டிருக்கிறேன், பேசுகிறேன். எழுதுகிறதா இல்லையா என்பது எனக்கு எப்படித் தெரியும்? ஃபோன் திரையில் எறும்பு ஊர்கிற மாதிரி ஏதோ ஓடுகிறது.

என் பெயர் சீனிச்சாமி. கோவில்பட்டியில் மைக் செட் வேலை பார்த்தவன். பள்ளிக்கூடத்துக்குள் போனதெல்லாம் சுதந்திர தினத்துக்கு ஸ்பீக்கர் குழாய் கட்டத்தான். எண் தெரியும், எழுத்துத் தெரியாது. ஆனால் மேடைக்குப் பக்கத்தில் வயரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து கேட்ட பேச்சு கொஞ்சமா? எந்தக் கட்சிக் கூட்டத்தில் யார் எந்த இடத்தில் நிறுத்தித் தண்ணீர் குடித்தார் என்பதுகூட நினைவிருக்கிறது. வீட்டில் பேசுகிற மாதிரி பேசினால் இந்த ஃபோன் திணறுகிறதாம். மேடையில் பேசுகிற மாதிரி நிறுத்திப் பேசினால் சரியாக எழுதுகிறதாம். ஆகவே மேடைத் தமிழ். மற்றவர்கள் பேசியதை மட்டும் அவர்கள் வாயில் வந்தபடியே சொல்வேன்.

நான் பேசி எழுதுவதை எடுத்துப் படிக்க மாட்டேன் என்று செண்பகம் சொல்லியிருக்கிறாள். அவள் சொன்னால் சொன்னதுதான். அவள் அம்மாவும் அப்படித்தான் இருந்தாள்.

மே 6, செவ்வாய்

செண்பகம் கம்ப்யூட்டர் டீச்சர். அவள் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் இருக்கிறது, ஓடுவதுதான் இல்லை. அதனால் பிள்ளைகளையே கம்ப்யூட்டராக நிறுத்திவைத்துப் பாடம் நடத்துகிறாள். அடுத்த வாரம் ஈரோட்டுக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில் கணினி ஆசிரியர்களுக்கு ஐந்து நாள் பயிற்சி மாநாடு. கடைசி நாள் இவள் மேடையில் ஏறி அந்தப் பாடத்தை நடத்திக்காட்ட வேண்டும். நன்றாக நடத்துகிற சிலரைப் பொறுக்கி எடுத்து, புதுப் பாடப்புத்தகம் எழுதச் சென்னைக்குக் கூப்பிட்டுக்கொள்வார்களாம். இரண்டு வருஷ வேலை.

இன்று டம்ளர்களை வைத்து ஒத்திகை பார்த்தாள். பெரியதும் சின்னதுமாகக் கலந்து வரிசையாக வைத்தாள்.

"அப்பா, முழு வரிசையையும் பார்க்கக்கூடாது. பக்கத்து டம்ளரை மட்டும் பாருங்க. இது பெருசா, அது பெருசா? பெருசு இந்தப் பக்கம் இருந்தா மாத்தி வைங்க. அம்புட்டுத்தான்."

மாற்றிக்கொண்டே போனேன். வரிசையின் கடைசிவரை போய், மறுபடி முதலிலிருந்து வந்தேன். எதற்கென்றே தெரியாமல் செய்துகொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால் சின்னதிலிருந்து பெரியதுவரை படிக்கட்டு மாதிரி நிற்கிறது.

"இதைத்தான் கம்ப்யூட்டர் செய்யுதா?"

"இதைத்தான். வேகமாச் செய்யுது."

பேரன் முகில் தவழ்ந்து வந்து ஒரே தட்டில் எல்லாவற்றையும் உருட்டிவிட்டான்.

மே 9, வெள்ளி

முகிலுக்கு எட்டு மாதம். பாட்டிலை வாயில் வைத்தால் துப்புகிறான், தாய்ப்பால்தான் வேண்டும். அவனையும் கூட்டிக்கொண்டு போகவேண்டும், பார்த்துக்கொள்ள நானும் போகவேண்டும். ஏற்பாடு இதுதான்: அவள் உள்ளே உட்கார்ந்திருப்பாள், நான் வெளியே. குழந்தைக்குப் பசித்தால் நான் ஒரு மிஸ்டு கால் கொடுப்பேன், அவள் எழுந்து வருவாள். ஃபோனில் அவள் படத்தைத் தொட்டால் போதும்.

மாப்பிள்ளை இன்று நல்ல சந்தோஷத்தில் இருந்தார்.

"கெடச்சா நானும் சென்னைக்கு மாத்தல் கேட்டுருவேன் மாமா. ஆனா அங்க ஒரு ரூம் வீட்டுக்கே நாக்குத் தள்ளிரும்."

"எனக்கென்ன மாப்பிள்ளை, நான் கதிரேசன்கிட்ட இருந்துக்கிறேன்" என்றேன். நான் சொல்வதற்காகவே காத்திருந்த மாதிரி தலையாட்டினார். கெட்டவர் இல்லை.

கதிரேசன் என் மூத்த மகன். திருப்பூரில் மூன்றாவது மாடியில் இருக்கிறான். அவனும் மருமகளும் பனியன் கம்பெனிக்குப் போய்விடுவார்கள். போன வருஷம் அங்கே கொஞ்ச நாள் இருந்தேன். கோவில்பட்டியில் எந்த பஸ் எங்கே போகும் என்று அதன் பெயின்ட்டைப் பார்த்தே சொல்வேன். அங்கே அது நடக்கவில்லை. டீ குடிக்கப் போனவன் சும்மா ஒரு பஸ்ஸில் ஏறிப் பல்லடம் போய்விட்டேன். திரும்ப எந்த பஸ் என்று ஒருவனைக் கேட்டேன். அவன் கை காட்டிய பஸ்ஸில் ஏறினேன், அது உடுமலையில் கொண்டுபோய் விட்டது. இருட்டிய பிறகு போலீஸ் ஜீப்பில் வீட்டுக்கு வந்தேன். அதற்குப் பிறகு மருமகள் கதவை வெளியே பூட்டிவிட்டுப் போக ஆரம்பித்தாள். சாப்பாட்டை எடுத்து மூடி வைத்துவிட்டுத்தான் பூட்டுவாள்.

எனக்கென்ன, எங்கே பாயைப் போட்டாலும் தூக்கம் வரும்.

மே 11, ஞாயிறு

ஈரோடு வந்து சேர்ந்தோம். மதுரையில் பஸ் மாறும்போது முகிலின் ஒரு சாக்ஸ் தொலைந்தது. கல்லூரி பெரியது. விடுமுறை என்பதால் மாணவர்கள் யாரும் இல்லை. செண்பகமும் குழந்தையும் பெண்கள் விடுதியில், நான் ஆண்கள் விடுதியில் வாத்தியார்களுக்கு நடுவில். பக்கத்துக் கட்டில்காரர் குறட்டை விடுகிறார்.

மே 12, திங்கள்

மண்டபத்து வாசலில் கம்பித் தடுப்பு இருக்கிறது. அதில் பழைய சேலையைக் கட்டித் தொட்டில் போட்டேன். வாசலில் ஒரு ஸ்பீக்கர் பெட்டி வைத்திருக்கிறார்கள், உள்ளே பேசுவது எனக்கும் கேட்கிறது. காலை முழுக்க ஒருவர் பேசினார். பாதி இங்கிலீஷ். மீதியும் எனக்குப் புரிந்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் ஆள் மைக்கை விழுங்குகிற மாதிரி பிடித்துக்கொண்டு பேசினார், அது புரிந்தது.

ஒவ்வொரு வகுப்பு தொடங்கும்போதும் முடியும்போதும் ஃபோனில் முகத்தைக் காட்டவேண்டுமாம். முகம் காட்டாவிட்டால் ஆள் வரவில்லை என்று கணக்கு.

முகில் தூங்கினான், எழுந்தான். மிஸ்டு கால் கொடுத்தேன். செண்பகம் ஓடி வந்து, பக்கத்து அறையில் உட்கார்ந்து பால் கொடுத்துவிட்டு ஓடினாள். எல்லாம் சரியாக நடந்தது.

எனக்குத்தான் உட்கார முடியவில்லை. கல்லூரியைச் சுற்றி நடந்தேன், திரும்பி வந்தேன், மறுபடி நடந்தேன்.

மே 13, செவ்வாய்

பெண்கள் விடுதியில் காவல் பார்க்கிற ராஜாமணி பகலில் என் பக்கம் வந்து உட்காருகிறாள். நல்ல உயரம், சுடிதாருக்கு மேல் காக்கிச் சட்டை போட்டிருக்கிறாள். பக்கத்து ஊர்க்காரி. வாய் சும்மா இருக்காது.

"ஏனுங்கய்யா, எல்லா ஊர்லயும் பொம்பளைதான் தொட்டல் ஆட்டுவாங்க. உங்கூர்ல ஆம்பளைங்களா?"

"எங்க ஊர்ல ஆள் கெடைக்கல."

"நீங்க எங்கூர்ல இருந்தா எங்க ஊட்டுக்காரரைக் கூட்டியாந்து காட்டியிருப்பேனுங்க. தொட்டல்ல போட்டா அவரே படுத்துக்குவாரு."

பிறகு நான் தொட்டிலை விலக்கிப் பார்த்ததை அவள் பார்த்துவிட்டாள்.

"பையன் நல்லா தூங்கறானுங்களே. எதுக்குங்க எழுப்பறீங்க?"

"பசிக்கிற நேரம்."

"பசிச்சா அவனே எந்திரிப்பானுங்க. அதுக்குத்தான வாய் குடுத்திருக்குது சாமி."

இவளுக்கு என்ன தெரியும்? காலையில் கொஞ்சம்தான் குடித்தான். மிஸ்டு கால் கொடுத்தேன். செண்பகம் வந்தாள், கொடுத்தாள், போனாள். இன்று நான்கைந்து தடவை வந்து போனாள். வெயில் அதிகம், குழந்தைக்குத் தாகம் எடுக்கத்தான் செய்யும்.

மே 14, புதன்

மத்தியானம் வெஜிடபிள் பிரியாணி. முகில் தயிரை மட்டும் நக்கினான். மாப்பிள்ளை ஃபோன் பண்ணினார். சென்னையில் ஒரு வீடு பார்த்து வைத்திருக்கிறாராம், மொட்டை மாடியில் ஒற்றை அறை. இன்னும் தேர்வே ஆகவில்லை, அதற்குள் வீடு. அவசரக்காரர்.

இன்று பேச வேறு எதுவும் இல்லை.

மே 15, வியாழன்

பேசத்தான் வேண்டும்.

மத்தியானம் முகிலைத் தோளில் போட்டுக்கொண்டு மிஸ்டு கால் கொடுத்தேன். செண்பகம் வந்து வாங்கிக்கொண்டு அறைக்குள் போனாள். உடனே வெளியே வந்தாள். குழந்தை வாயை மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறான், சிரிக்கிறான். அவளுடைய சங்கிலியைப் பிடித்து இழுக்கிறான்.

"அப்பா, இவனுக்குப் பசிச்சுச்சா?"

"பசிச்சுச்சு."

"அழுதானா?"

"அழுதான்."

ராஜாமணி பக்கத்தில்தான் இருந்தாள். நகத்தைப் பார்த்துக்கொண்டாள்.

செண்பகம் திரும்பி உள்ளே போவதற்குள் வகுப்பு முடிந்து முகம் காட்டுகிற நேரம் தாண்டிவிட்டது. இந்த மாநாட்டை நடத்துகிற ஜெசிந்தா மேடம் வாசலிலேயே அவளை நிறுத்திவிட்டார்கள். நான் தொட்டிலைச் சரி செய்கிற மாதிரி குனிந்துகொண்டு கேட்டேன்.

"செண்பகவல்லி மேடம், நேத்தும் ஒண்ணு விட்டுப்போச்சு, இன்னைக்கும் விட்டுப்போச்சு. கைக்குழந்தைனு எனக்குப் புரியுது, மெஷினுக்குப் புரியாது. இன்னொரு தடவை முகம் இல்லைன்னா பேரு தானா வெளிய போயிரும். நானே நினைச்சாலும் நிறுத்த முடியாது."

"சரி மேடம்."

"நாளைக்கு மத்தியானம் உங்க வகுப்பு. அன்னைக்கு நீங்க தனியா என்கிட்ட நடத்திக் காமிச்சீங்கள்ல, அதே மாதிரி நடத்துனா போதும். நடுவுல மட்டும் எந்திரிச்சுப் போயிராதீங்க."

சாயங்காலம் விடுதிப் படியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நானும் ஒரு சத்தம் போட்டிருப்பேன், கணக்கு சரியாகியிருக்கும். அவள் குழந்தையின் விரலில் நகம் வெட்டிக்கொண்டே சொன்னாள்.

"அப்பா, நாளைக்கு ஃபோன் என் கையிலதான் இருக்கும். உங்களுக்குத் தோணுனா கூப்பிடுங்க. மேடையில இருந்தாலும் எறங்கி வந்துருவேன்."

"எறங்குனா பேரு போயிரும்னாகள்ல."

"போனாப் போகுது. புள்ளை பசியோட கத்துனா எனக்கு அங்க என்ன வேலை?"

உண்மையாகவே சொன்னாள். அவள் அம்மா முகம்.

மே 16, வெள்ளி

காலை

அவள் நீலச் சேலை கட்டியிருக்கிறாள். என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனாள். ஃபோனை எடுத்துப் பார்த்தேன், பைக்குள் போட்டேன், மறுபடி எடுத்துப் பார்த்தேன்.

மத்தியானத்துக்கு மேல்

முதலிலிருந்து சொல்கிறேன்.

சாப்பாட்டு வேளைக்கு வந்து பால் கொடுத்துவிட்டுப் போனாள். பதற்றத்தில் பால் இறங்கவில்லை போல, முகில் பாதியில் சிணுங்கி விட்டுவிட்டான். ஆனாலும் தூங்கினான். ஜெசிந்தா மேடம் வந்து, "உயரமா ஒரு ஆள் வேணும், வாங்க" என்று ராஜாமணியை உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். சமையல்காரர் ஒருவரையும் கூட்டிப் போனார்கள். நான் தனியாக இருந்தேன்.

ஸ்பீக்கரில் செண்பகத்தின் குரல் வந்தது. "எல்லாருக்கும் வணக்கம். நான் கோவில்பட்டியில இருந்து வர்றேன்." முதலில் கொஞ்சம் நடுங்கியது, பிறகு நடுக்கம் போய்விட்டது. இத்தனை காலத்தில் எத்தனையோ பேர் குரலைக் குழாயில் ஏற்றியிருக்கிறேன். என் வீட்டுக் குரல் ஒன்று குழாய் வழியாக வருவதை இன்றுதான் கேட்கிறேன்.

அப்போது முகில் எழுந்தான்.

இந்த முறை நான் எழுப்பவில்லை. வயிற்றிலிருந்து வந்த அழுகை. முகம் சிவந்து, கால் இரண்டையும் உதைத்து, கையை வாய்க்குள் திணித்துக்கொண்டு அழுதான். மசித்த இட்லியை வைத்தேன், துப்பினான். தண்ணீர் கொடுத்தேன், தட்டிவிட்டான். பையில் இருந்த ஃபோன் நெருப்பு மாதிரி இருந்தது. எடுத்தேன். அவள் படம் சிரிக்கிறது. ஒரு தடவை தொட்டால் போதும். இன்று யாரும் என்னை ஒன்றும் சொல்ல முடியாது. உண்மையான பசி, உண்மையான அழுகை. அவளே சொன்னதுதான், மேடையில் இருந்தாலும் வருவேன் என்று.

காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்தேன். குழாய் கட்டுகிறவன் முதலில் பார்ப்பது அதைத்தான். மண்டபத்திலிருந்து கேட் பக்கம் அடித்தது. அந்தப் பக்கம் நடந்தால் குழந்தையின் சத்தம் மண்டபத்துக்குள் போகாது.

நடந்தேன். வேகமாகத்தான் நடந்தேன், குழந்தையைத் தோளில் அழுத்திக்கொண்டு. ஸ்பீக்கர் பின்னாலேயே வந்தது. "சார், முழு வரிசையையும் பார்க்காதீங்க. உங்க பக்கத்துல நிக்கிற அம்மாவை மட்டும் பாருங்க." எல்லோரும் சிரிக்கிற சத்தம். கேன்டீனைத் தாண்டினேன். குரல் தேய்ந்தது. கேட்டைத் தாண்டினேன். ரோட்டில் ஒரு லாரி போனது. அது போன பிறகு காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். ஒன்றும் இல்லை. அவள் சத்தம் எனக்கு எட்டாத இடம் அது.

எதிரே சோளக்காடு. வரப்பில் ஒரு வேப்பமரம். அங்கே நின்றுகொண்டு குழந்தைக்கு என்னென்னவோ காட்டினேன். ஆடு காட்டினேன், நிறுத்தவில்லை. சட்டைப் பொத்தானைக் கொடுத்தேன், நிறுத்தவில்லை. கடைசியில் எனக்குத் தெரிந்த ஒரே வித்தையைச் செய்தேன்.

"ஹலோ. ஹலோ. மைக் டெஸ்டிங். ஒன்று, இரண்டு, மூன்று. அன்பார்ந்த பொதுமக்களே."

நின்றுவிட்டான். கண்ணீரோடு என் வாயைப் பார்த்தான். நான் நிறுத்தினால் அழத் தொடங்கினான். ஆகவே நிறுத்தவில்லை. தலைவர் அவர்களே, தாய்மார்களே, பின்னால் நிற்கிற தோழர்களே என்று எனக்கு நினைவில் இருக்கிற மேடையெல்லாம் ஏறி இறங்கினேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் கிட்டே வந்து நின்று கேட்டுவிட்டு, "எந்தக் கட்சிங்க?" என்றார்.

தொண்டை கட்டிவிட்டது. அப்போது ரோட்டில் நீலச் சேலை ஓடி வந்தது.

மூச்சு வாங்க வந்து குழந்தையைப் பறித்துக்கொண்டாள். மரத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். முகில் குடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது.

"ஏன்ப்பா மிஸ்டு கால் குடுக்கல?"

"சார்ஜ் இல்லம்மா."

கையை நீட்டினாள். ஃபோனைக் கொடுத்தேன். பார்த்தாள். திருப்பி என் சட்டைப் பையில் அவளே வைத்தாள்.

சார்ஜ் இன்னும் இருக்கிறது. இல்லாவிட்டால் இதையெல்லாம் இப்போது எப்படிப் பேசிக்கொண்டிருப்பேன்?

சாயங்காலம்

ராஜாமணி வந்து சொல்லித்தான் உள்ளே நடந்தது தெரிந்தது.

"என்னையக் கொண்டுபோயி ஒரு பெரிய ஆபீசர் பக்கத்துல நிறுத்திப்போட்டாங்கய்யா. அவரு என் தோளுக்குத்தான் இருக்காரு. நானு கையைக் கட்டிட்டு கூச்சமா நிக்கறேன். உங்க பொண்ணு வந்து, 'சார், உங்களை விட இவங்க பெருசு, எடம் மாறுங்க'ங்குது."

"அவர் கோவிச்சுக்கிட்டாரா?"

"எங்கீங்க. சிரிச்சுப்போட்டு நவுந்துட்டாரு. சமையக்காரரு நவுந்தாரு, ஒரு தாடி வாத்தியாரு நவுந்தாரு. ஆருமே வரிசையைப் பார்க்கலீங்க. அவங்கவங்க பக்கத்தாளைத்தான் பார்த்தாங்க. கடைசியில பார்த்தா சினிமாக் கொட்டாய் கூட்டமாட்ட இருந்தது, படியாட்ட நிக்குது. எல்லாரும் கை தட்டுனாங்க." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "நீங்க எங்கீங்க போனீங்க? வாசல்ல தொட்டல் காலியா ஆடிட்டு இருந்துச்சு."

"காத்து வாங்க."

"ஆமாங்க. இன்னைக்கு நல்ல காத்து" என்றாள்.

நிறைவு விழாவில் பெயர் வாசித்தார்கள். நான் தொட்டிலை அவிழ்த்து மடித்துக்கொண்டிருந்தேன். ஸ்பீக்கரில் முதலில் யாரோ ஒருவர், அடுத்து, "கோவில்பட்டி, சீ. செண்பகவல்லி." அந்த 'சீ' நான்தான். ஊர் ஊராக அடுத்தவர் பெயரைக் குழாயில் ஒலிக்கவிட்டவனுக்கு இன்று ஒரு எழுத்து கிடைத்தது. சேலையை மறுபடி உதறி, மறுபடி மடித்தேன்.

மே 17, சனி

ஈரோடு பஸ் ஸ்டாண்டில் மதுரை பஸ்ஸுக்கு நின்றோம். செண்பகம் குழந்தைக்கு மாப்பிள்ளையை வீடியோவில் காட்டிக்கொண்டிருந்தாள். அவர் அங்கே கத்துகிற சந்தோஷம் இங்கே எல்லோருக்கும் கேட்டது. நான் தண்ணீர் வாங்கிவருகிறேன் என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் போனேன்.

திருப்பூர், திருப்பூர் என்று கண்டக்டர் கூவிக்கொண்டிருந்தார். அந்த பஸ்ஸுக்கு முன்னால் போய் நின்றேன். கண்டக்டர், "பெரியவரே, ஏறுங்கோ, எடம் இருக்குது" என்றார். ஏறவில்லை என்றேன். அதன் நெற்றியில் இருந்த ஊர்ப் பலகையைப் பார்த்தேன், பக்கத்தில் நின்ற பஸ்ஸின் பலகையைப் பார்த்தேன், மறுபடி இதைப் பார்த்தேன். இது வேறு, அது வேறு. முழு பஸ் ஸ்டாண்டையும் பார்க்கவில்லை. பக்கத்துப் பலகையை மட்டும் பார்த்தேன்.

எவ்வளவு நேரம் நின்றேனோ. தோளில் கை விழுந்தது. செண்பகம்.

"அப்பா, இது திருப்பூர் பஸ். நம்ம பஸ் அங்கிட்டு."

"தெரியும்."

"தெரிஞ்சு எதுக்கு நிக்கிறீக?"

"சும்மாதான்."

அவள் பலகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். வாய் கோணிக்கொண்டு வந்தது. "அப்பா, ஒரு ரூமா இருந்தாலும் என்ன, நாம எல்லாரும்—"

"மதுரை பஸ் வந்துருச்சு. ஓடு, ஜன்னல் சீட்டைப் பிடி. புள்ளைக்குக் காத்து வேணும்."

ஓடினாள். பிடித்துவிட்டாள். இப்போது அவள் மடியில் முகில் தூங்குகிறான். அவளும் தூங்குகிறாள். நான் மெதுவாகப் பேசுகிறேன்.

அந்தத் திருப்பூர்ப் பலகையில் முதலில் தலையில் கொண்டை போட்ட மாதிரி ஒரு எழுத்து. அடுத்தது காலை மடக்கி உட்கார்ந்திருக்கிறது. அப்புறம் ஒரு பள்ளம், மேலே புள்ளி. அப்புறம் அதே பள்ளம், கீழே வால் சுழித்திருக்கிறது. கடைசியில் நிமிர்ந்து நிற்கிற ஒன்று, அதற்கும் மேலே புள்ளி.

கண்ணை மூடிப் பார்த்தேன். வருகிறது.